மேடைக்கும் ரசிகருக்கும் இடையே சட்டம்: சிவாஜிநகர் எழுப்பும் கேள்வி

புது தில்லி: அபிமான இசைக்குழுவின் கச்சேரிக்குச் செல்வதும், நிகழ்ச்சி முடிந்த பின்னர் கலைஞர்களை நேரில் கண்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புவதும் ரசிகர் ஒருவரின் சொந்த விஷயம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. இன்று அது பிரதமரின் உரையிலும், சட்டப்பேரவை மசோதாவிலும், உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் இடம்பெறும் பொருளாகிவிட்டது.

2025 ஜனவரி 28-ம் தேதி புவனேசுவரத்தில் நடைபெற்ற முதலீட்டாளர்கள் மாநாட்டில் பேசிய பிரதமர் நரேந்திர மோடி, பிரிட்டனின் 'கோல்ட்ப்ளே' இசைக்குழு மும்பையிலும் ஆமதாபாதிலும் நடத்திய நிகழ்ச்சிகளைச் சுட்டிக்காட்டினார். இத்தகைய கச்சேரிகளைச் சார்ந்த பொருளாதாரத்துக்கு இந்தியாவில் பெரும் வாய்ப்பு இருப்பதாகக் கூறிய அவர், அதற்கான கட்டமைப்பில் மாநிலங்களும் தனியார் துறையும் கவனம் செலுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

நான்கு மாதங்கள் கடந்த நிலையில், ஜூன் 4-ம் தேதி பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் ஏற்பட்ட நெரிசலில் சிக்கி 11 பேர் உயிரிழந்தனர். அது இசை நிகழ்ச்சி அல்ல, ஐ.பி.எல். கோப்பையை வென்ற அணிக்கான பாராட்டு விழா. ஆயினும், அங்கே திரண்டவர்களும் தாங்கள் போற்றுபவர்களை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று வந்த ரசிகர்களே. நெரிசலில் சிக்கியவர்கள் கொண்டு செல்லப்பட்ட மருத்துவமனைகளுள் ஒன்று, சிவாஜிநகரில் உள்ள பௌரிங் அரசு மருத்துவமனை.

தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் இந்தப் பகுதியிலிருந்து பார்த்தால், நாட்டின் கச்சேரிக் கலாசாரத்தின் இரு முகங்களும் ஒருசேரத் தெரியும். சில கிலோமீட்டர் தொலைவில் உலகப் புகழ் பெற்ற இசைக்குழுக்கள் பாடிய அரண்மனை மைதானம் இருக்கிறது. பாடுவதற்கு உரிமம் வழங்கும் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம் அருகே இன்ஃபன்ட்ரி சாலையில் இருக்கிறது. ஏற்பாடு தவறினால் போய்ச் சேரும் மருத்துவமனையும் இங்கேயே இருக்கிறது.

கண்டோன்மெண்ட் வளர்த்த ரசனை

1809-ல் பிரிட்டிஷார் பெங்களூரில் ராணுவக் குடியிருப்பை ஏற்படுத்தியபோது, அதனுடன் சேர்ந்து சிப்பாய்களாகவும் கூலித் தொழிலாளர்களாகவும் வணிகர்களாகவும் தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வந்து குடியேறினர். அன்று பிளாக்பள்ளி என்று வழங்கப்பட்ட பகுதியே இன்றைய சிவாஜிநகர். நாடு விடுதலை பெறுவதற்குச் சில நாள்களுக்கு முன்பு, 1947 ஜூலையில்தான் இந்தப் பகுதி பிரிட்டிஷ் நிர்வாகத்திடமிருந்து மீண்டும் மைசூர் அரசின் கைக்கு வந்தது. பின்னர் 1949-ல் பழைய நகரமும் கண்டோன்மெண்டும் இணைக்கப்பட்டு ஒரே மாநகராட்சியாக்கப்பட்டன.

ராணுவ வாத்தியக் குழுவின் இசை, தேவாலயப் பாடகர் குழு, மாரியம்மன் கோயில் விழாக்களின் தவில், நாகஸ்வரம், பறை, உரூஸ் விழாவின் கவ்வாலி என எல்லாவற்றையும் ஒரே வட்டாரத்தில் கேட்டு வளர்ந்தவர்கள் கண்டோன்மெண்ட் பகுதி மக்கள். கப்பன் பூங்காவில் இன்றும் நிற்கும் வாத்திய மேடை, ராணுவக் குழுக்கள் பொதுமக்களுக்காக வாசித்த காலத்தின் சின்னமாகும். ஆண்டுதோறும் செப்டம்பர் 8-ல் நிறைவடையும் தூய மரியன்னை பேராலய விழாவில் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வழிபாடு நடைபெறுகிறது.

இந்தத் தெருக்களில் நடக்கும் மெல்லிசைக் கச்சேரிகளில் மேடைக்கும் ரசிகருக்கும் இடையே நாலடி தூரம்தான். விருப்பப் பாடலைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பலாம். இடைவேளையில் டிரம்ஸ் வாசிப்பவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்கலாம். 'அண்ணே, அடுத்த வாரம் எங்கே கச்சேரி?' என்று கேட்கலாம். கலைஞரைச் சந்திப்பதற்கு அங்கே தனிக் கட்டணம் கிடையாது. அனுமதி அட்டை கிடையாது. சென்னையின் சபாக்களிலும் கச்சேரி முடிந்ததும் ரசிகர்கள் மேடையேறி வித்வானிடம் பேசிவிட்டுப் போவது இன்றும் வழக்கத்தில் உள்ளது.

அரண்மனை மைதானத்தில் உலக இசை

இதற்கு மறுகோடியில் இருப்பது அரண்மனை மைதானம். 2001-ல் 'டீப் பர்ப்பிள்', 2003 ஏப்ரலில் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்று ராக் இசையின் மூத்த குழுக்கள் இங்கு வந்து பாடியுள்ளன. 2007 மார்ச் 17-ம் தேதி, லண்டனில் 1975-ல் தொடங்கப்பட்ட 'அயர்ன் மெய்டன்' குழு இங்கு நிகழ்ச்சி நடத்தியது. உலகின் முன்னணி 'ஹெவி மெட்டல்' குழு ஒன்று இந்தியாவில் நடத்திய முதல் பெரிய கச்சேரியாக அது இன்றளவும் ரசிகர்களால் நினைவுகூரப்படுகிறது. கறுப்புச் சட்டை அணிந்த இளைஞர்கள் வடகிழக்கு மாநிலங்கள் உள்பட நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ரயிலேறி வந்து சேர்ந்தனர்.

ஒலிநாடாவிலும் குறுந்தகட்டிலும் மட்டுமே கேட்ட குரலை எதிரே நின்று கேட்பது அந்தத் தலைமுறைக்குப் பெரிய விஷயம். அந்தக் குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் பயிற்சி பெற்ற விமானி. 2008 பிப்ரவரி 1-ம் தேதி மும்பை நிகழ்ச்சிக்கு, குழுவினரையும் கருவிகளையும் ஏற்றிய போயிங் 757 விமானத்தை அவரே ஓட்டி வந்தார். 2009 பிப்ரவரியில் அந்தக் குழு மீண்டும் பெங்களூருக்கே வந்தது.

இத்தனை பெரிய நிகழ்ச்சிகளைக் கண்ட அரண்மனை மைதானம் வழக்கில் சிக்கிய நிலம் என்பது குறிப்பிடத்தக்கது. மைசூர் மன்னர் குடும்பத்தின் வசம் இருந்த அரண்மனையையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் ரூ. 11 கோடி இழப்பீட்டில் கையகப்படுத்த 1996-ல் கர்நாடக அரசு சட்டம் இயற்றியது. அதை எதிர்த்து, நான்கு முறை மக்களவை உறுப்பினராக இருந்த ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையாரும் குடும்பத்தினரும் நீதிமன்றம் சென்றனர். 2013 டிசம்பரில் உடையார் காலமானார், வழக்கு முடியவில்லை. உரிமை தீராத நிலத்தில் நிரந்தர இசை அரங்கம் எழ வழியில்லை. மேடை, தடுப்பு வேலி, கழிப்பறை, அவசர வழி என அனைத்தும் ஒவ்வொரு முறையும் புதிதாக அமைக்கப்பட்டு, மறுநாள் பிரிக்கப்படுகின்றன.

ஒரே குழு, இரண்டு நகரங்கள்

தாற்காலிக ஏற்பாடுகளில் சிறு பிசகு நேர்ந்தாலும் என்னவாகும் என்பதைத் தலைநகரையொட்டிய குர்காவ்ன் (இன்றைய குருகிராம்) 2011-ல் கண்டது. அமெரிக்காவின் 'மெட்டாலிகா' குழு அக்டோபர் 28-ம் தேதி அங்கு பாடுவதாக இருந்தது. பாதுகாப்புத் தடுப்பு பிரச்னையால் நிகழ்ச்சி கடைசி நேரத்தில் ஒத்திவைக்கப்பட்டது. பல மணி நேரம் காத்திருந்த ரசிகர்களில் ஒரு பகுதியினர் மேடையில் ஏறிக் கருவிகளைச் சேதப்படுத்தினர். நிகழ்ச்சி ரத்தானது, ஏற்பாட்டாளர்கள் தரப்பில் சிலர் கைது செய்யப்பட்டனர்.

இரண்டே நாள்கள் கழித்து, அக்டோபர் 30-ம் தேதி, அதே குழு பெங்களூரு அரண்மனை மைதானத்தில் பாடியது. நிகழ்ச்சி அமைதியாக நடந்து முடிந்தது. குழுவும் அதே; ரசிகர்களும் அதே மனநிலையினரே. ஓரிடத்தில் தடுப்பு வேலி நின்றது; மற்றோரிடத்தில் நிற்கவில்லை. ரசிகர்களின் ஒழுங்கீனமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று கூறுவோர் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

தமிழகமும் இதிலிருந்து தப்பவில்லை. மழையால் ஒருமுறை ஒத்திவைக்கப்பட்டு, 2023 செப்டம்பர் 10-ம் தேதி சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சியில், பணம் கொடுத்துச் சீட்டு வாங்கிய பலர் உள்ளே நுழையவே முடியாமல் திரும்பினர். போக்குவரத்து நெரிசலில் முதல்வரின் வாகன அணிவகுப்பும் சிக்கியது. நுழைய முடியாதவர்கள் சீட்டின் நகலை அனுப்புமாறு ரஹ்மான் தரப்பில் கேட்டுக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 25-ம் தேதி கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், இசை நிகழ்ச்சி தொடங்கும் முன்பே அரங்கின் படிக்கட்டில் ஏற்பட்ட நெரிசலில் 4 பேர் உயிரிழந்தனர். பாட்டுக் கேட்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை.

சிறிய மேடைக்கே பெரிய சுமை

பெரிய மேடையில் ரசிகருக்கு ஆபத்து என்றால், சிறிய மேடையில் கலைஞருக்கே ஆபத்து. பெங்களூரில் 'லைவ் பேண்ட்' என்ற சொல்லுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. மதுக்கூடங்களில் பெண்களை ஆடவும் பாடவும் வைத்து நடத்தப்பட்ட நிகழ்ச்சிகளைக் குறிக்கவே காவல் துறையினர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தி வந்தனர். இவற்றைக் கட்டுப்படுத்த, கர்நாடகக் காவல் சட்டம் 1963-ன் கீழ் 2005-ல் பெங்களூரு நகருக்கென உரிம ஆணை ஒன்று பிறப்பிக்கப்பட்டது. உணவக உரிமையாளர்கள் தொடர்ந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லும் என்று தீர்ப்பளித்தது. தொழில் நடத்தும் உரிமை நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டதே என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பின் விளைவு எதிர்பாராத இடத்தில் விழுந்தது. அதே ஆண்டின் மத்தியில், நேரடி இசை வழங்கும் உணவகங்களும் மதுக்கூடங்களும் உரிமம் பெற்றாக வேண்டும் என்று காவல் துறை வலியுறுத்தியது. உரிமத்துக்கான நிபந்தனைகளை நிறைவு செய்ய இயலாத இடங்கள் இசையையே நிறுத்தின. கிதார் இசைத்துச் சொந்தப் பாடல்களைப் பாடிவந்த இளம் கலைஞர்கள் ஒரே நாளில் மேடை இழந்தனர். சுரண்டலைத் தடுக்க வந்த விதி, கலையைத் தடுத்தது. ஆட்ட நிகழ்ச்சிகளை நம்பிப் பிழைத்த பெண்களுக்கு மாற்று வாழ்வாதாரம் என்ன என்ற கேள்விக்கும் அந்த ஆணையில் விடை இல்லை.

1996-ல் தொடங்கிய 'தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்' போன்ற பெங்களூருக் குழுக்கள் வளர்ந்தது அரண்மனை மைதானத்தில் அல்ல. கல்லூரி விழாக்களிலும் இத்தகைய சிறிய அரங்குகளிலும்தான். ரசிகர் கலைஞரை அருகில் கண்டு பேசுவதும், நாளைய கலைஞர் இன்றைய ரசிகராக முன்வரிசையில் நிற்பதும் அங்கேதான் நிகழ்கிறது. நாற்றங்காலைக் காயவிட்டு வயலில் விளைச்சலை எதிர்பார்க்க முடியாது.

சென்னையில் 2018 ஜனவரி 6-ம் தேதி கீழ்ப்பாக்கத்தில் அரங்கேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை இங்கு நினைவுகூரலாம். இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில், இசைக் கலைஞர் டென்மாவின் தலைமையில் உருவான அந்தக் குழு, கானாவையும் ராக் இசையையும் ராப் இசையையும் ஒரே மேடையில் இணைத்தது. 'சாதி இல்லாத தமிழர்' என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையே குழுவின் பெயருக்கு ஆதாரம். அவரது பௌத்த இயக்கம் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர்களிடையே ஆழமாக வேரூன்றியிருந்தது. அரங்குகளில் இடம் மறுக்கப்பட்ட இசை பொது மேடையேறியபோது, அதைக் கேட்கத் திரளானோர் கூடினர்.

விருப்பப் பாடலும் வழக்கும்

ரசிகர் கேட்கும் விருப்பப் பாடல்கூட இன்று அரசியலாகிவிடுகிறது. 2025 ஏப்ரலில் பெங்களூருக் கல்லூரி ஒன்றில் பாடகர் சோனு நிகம் பாடியபோது, கன்னடப் பாடல் பாடுமாறு பார்வையாளர் தரப்பிலிருந்து குரல் எழுந்தது. கேட்கப்பட்ட விதம் மிரட்டலாக இருந்ததாகக் கருதிய அவர், பஹல்காம் தாக்குதலைக் குறிப்பிட்டுப் பேசியது கன்னட அமைப்புகளின் எதிர்ப்புக்குள்ளானது. காவல் துறை வழக்குப் பதிவு செய்தது. அவர் மன்னிப்புக் கோரினார். மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் அவருக்கு இடைக்கால நிவாரணம் அளித்தது.

தாய்மொழிப் பாடலைத் தன் ஊரில் கேட்க விரும்புவது ரசிகரின் இயல்பான உரிமை. அதைக் கட்டளையாக்குவது வேறு. காவிரிப் பிரச்னை எழும்போதெல்லாம் தமிழ்த் திரைப்படங்களின் காட்சிகள் நிறுத்தப்படுவதைக் கண்டவர்கள் பெங்களூருத் தமிழர்கள். 1991 டிசம்பர் கலவரத்தை மறக்காதவர்கள். அல்சூர் ஏரிக்கரை அருகே 18 ஆண்டுகள் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்ட் 9-ம் தேதிதான் திறக்கப்பட்டது. மேடையில் எந்த மொழி ஒலிக்க வேண்டும் என்பதைக் கூட்டம் தீர்மானிக்கத் தொடங்கினால் முதலில் அமைதியாவது சிறுபான்மையினரின் மேடையே என்பதை அவர்கள் அறிவார்கள்.

மசோதா சொல்வது என்ன?

சின்னசாமி மைதான நெரிசல் குறித்து விசாரிக்க, ஓய்வுபெற்ற நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கில் 2014-ல் தீர்ப்பளித்தவர் என்பதால் தமிழக வாசகர்களுக்கு அறிமுகமானவர் அவர். பெருங்கூட்டம் கூடும் நிகழ்ச்சிகளுக்கு அந்த மைதானத்தின் அமைப்பு ஏற்றதல்ல என்று ஆணையம் 2025 ஜூலையில் அறிக்கை அளித்தது.

அடுத்த மாதம் கூட்டக் கட்டுப்பாட்டு மசோதா கர்நாடகப் பேரவையில் அறிமுகமாகி, விரிவான ஆய்வுக்காக அவைக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. 7,000 பேர் வரை, 50,000 பேர் வரை, அதற்கு மேல் எனக் கூட்டத்தின் அளவைக் கொண்டு அனுமதி வழங்கும் அதிகாரியை மசோதா நிர்ணயிக்கிறது. ஏற்பாட்டாளரிடம் இழப்பீட்டு உறுதிப் பத்திரம் பெறவும், உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்கவும் அது வகை செய்கிறது. தேரோட்டம், உரூஸ் போன்ற சமய விழாக்களுக்கு விலக்கு அளிக்கப்படும் என்று வரைவு வெளியானபோது தெரிவிக்கப்பட்டது.

இங்கேதான் சிவாஜிநகர்வாசிகளின் ஐயம் நியாயமாகிறது. தேருக்கு விலக்கு என்றால், தேர் நின்ற பின் அதே தெருவில் நடக்கும் மெல்லிசைக் கச்சேரிக்கு என்ன நிலை? கோடிகளில் சீட்டு விற்கும் நிறுவனத்துக்கும் தெருவாசிகளிடம் நன்கொடை திரட்டி மேடை போடும் இளைஞர் மன்றத்துக்கும் ஒரே சிறைத் தண்டனையா? அனுமதி வழங்கிய பின் வாசலில் போதிய காவலர்களை நிறுத்தாத அதிகாரிக்கு என்ன பொறுப்பு? தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-லேயே பெருங்கூட்ட மேலாண்மைக்கு விரிவான வழிகாட்டி நூலை வெளியிட்டது. அதைக் கட்டாயமாக்கியிருந்தால் புதிய தண்டனைப் பிரிவுகளுக்குத் தேவை குறைந்திருக்கும்.

நாடாளுமன்றத்தின் எல்லை

கேளிக்கை, பொது ஒழுங்கு, காவல் துறை ஆகிய மூன்றும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் உள்ளன. எனவே, கச்சேரிகளுக்கான அனுமதி பற்றி நாடாளுமன்றம் நேரடியாகச் சட்டம் இயற்ற இயலாது. ஆனால் வரி, நுகர்வோர் பாதுகாப்பு, இணைய வர்த்தகம் ஆகியவற்றில் மத்திய அரசுக்குப் பங்கு உண்டு. ரூ. 500 வரையிலான இசை நிகழ்ச்சிச் சீட்டுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி விலக்கு உள்ளது. அதற்கு மேல் 18 சதவீத வரி. பெரிய கச்சேரி ஒவ்வொன்றிலும் அரசும் பங்குதாரர் என்பதே இதன் பொருள்.

2024 செப்டம்பர் 22-ம் தேதி 'கோல்ட்ப்ளே' சீட்டுகள் விற்பனைக்கு வந்தபோது, லட்சக்கணக்கானோர் இணைய வரிசையில் காத்திருந்து ஏமாந்தனர். பின்னர் அதே சீட்டுகள் பன்மடங்கு விலைக்கு மறுவிற்பனைக்கு வந்தன. அக்டோபரில் அமலாக்கத் துறை தில்லி, மும்பை, பெங்களூரு உள்ளிட்ட நகரங்களில் சோதனை நடத்தியது. சீட்டுகளை மொத்தமாக வளைத்து மறுவிற்பனை செய்வதைத் தடுக்கத் தனி மத்தியச் சட்டம் எதுவும் அப்போது இல்லை. வரியை வசூலிக்கும் அரசு, சீட்டு வாங்கியவர் உள்ளே நுழையும் உரிமைக்கும் உத்தரவாதம் தர வேண்டாமா?

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்கும் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் கச்சேரிகளுக்குப் பொருந்தும். குடியிருப்போரின் உறக்கமும் உரிமையே என்பதை 2005-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. இதில் முரண்பாடு ஏதுமில்லை. நிரந்தர அரங்கம், போதிய வாசல்கள், அருகிலேயே பொதுப் போக்குவரத்து ஆகியவை இருந்தால் கச்சேரி மாலையிலேயே தொடங்கி உரிய நேரத்தில் முடியும்.

தில்லியில் கச்சேரிகள் பொருளாதாரமாக எண்ணப்படுகின்றன. மாநிலத் தலைநகரங்களில் அவை சட்டம்-ஒழுங்குப் பிரச்னையாக எண்ணப்படுகின்றன. அவற்றை உரிமையாக எண்ணும் குரல் இரண்டு இடங்களிலும் குறைவாகவே கேட்கிறது. சிறிய மேடைக்கு எளிய உரிமம், பெரிய மேடைக்குக் கண்டிப்பான பாதுகாப்பு என்று சட்டம் அமைய வேண்டும். இன்று நடைமுறை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது.

அபிமானப் பாடகரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, சிவாஜிநகர் பேருந்து நிலையத்தில் கடைசிப் பேருந்தைப் பிடித்து ஒருவர் வீடு திரும்புவது பெரிய செய்தியல்ல. எந்த நாளிதழும் அதை வெளியிடாது. அப்படிச் செய்தியாகாமல் இருப்பதற்கே சட்டமும் அரசும் தேவைப்படுகின்றன. பேரவையில் மசோதாவை விவாதிப்போர், பௌரிங் மருத்துவமனையின் வாசலை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.